40 தொகுதியும் போன கதை

விவசாயப் பெருமக்களே!

நம்ம ஓட்டில் 2001-இல் கோட்டைக்குப் போன அ.தி.மு.க., 2003-இல் பம்புசெட்டு இலவச மின்சாரத்தைப் பறித்தது. மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்காத வறட்சி வருஷம் அது. கூட்டணி பா.ஜ.க.வோ ‘இந்தியா ஒளிர்கிறது’ என்று விளம்பரம் போட்டது. நம்ம மோட்டார் ரூமில் விளக்கு எரியலையே!

2004 மே மாதம் ஓட்டு எண்ணினார்கள். புதுவையோடு சேர்த்து 40 தொகுதியிலும் அந்தக் கூட்டணிக்குப் பூஜ்யம். (ஜெயிச்சவங்களும் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம், அது கோபத்தில் விழுந்த ஓட்டு.) ஒரே வாரத்துக்குள் இலவச மின்சாரம் உண்டு என்று அறிவிப்பு! நாம் கேட்டபோது இல்லாத பணம் அப்போ எங்கிருந்து வந்ததாம்?

இனி எந்தக் கொடி கட்டிய கார் வந்தாலும் நிறுத்துவோம். யூரியா மூட்டை என்ன விலை, அறுப்புக் கூலி எவ்வளவு என்று வேட்பாளரையே கேட்போம். சொல்லத் தெரியாதவரை வந்த வழியே அனுப்புவோம்!