தெர்மாகோல் வீட்டைக் கட்டியது யார்?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. தெருமுனை ஸ்டேஷனரி கடையில் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது. ஒரு அப்பா பைக்கை ஆஃப் செய்யாமலேயே குனிந்து கேட்கிறார்.

"அண்ணே, தெர்மாகோல் ஷீட் இருக்கா? அப்படியே பச்சை சார்ட் ஒண்ணு, ஃபெவிகால் ஒண்ணு."

"வீடா சார், டிராஃபிக் சிக்னலா?"

"வீடுண்ணே. நாளைக்குக் காலையில கொண்டுபோகணுமாம்."

கடைக்காரருக்கு அந்த ஏரியாவில் உள்ள எல்லாப் பள்ளிகளின் புராஜெக்ட் பட்டியலும் மனப்பாடம். கல்வி அதிகாரிகளுக்குக்கூட அவ்வளவு தெரியுமா என்பது சந்தேகமே!

புராஜெக்ட் யு.கே.ஜி. படிக்கும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு. பிள்ளை அப்போது தூங்கிக்கொண்டிருக்கிறது. பத்து மணிக்கு மேல் அம்மா பிளேடால் தெர்மாகோலை அறுக்கிறார். அப்பா ஸ்கேல் பிடிக்கிறார். பாட்டி தீக்குச்சியில் வேலி கட்டிக் கொடுக்கிறார். நடுராத்திரிக்குள் வீடு கிரகப்பிரவேசத்துக்குத் தயார்! காலையில் எழுந்த பிள்ளை ஆசையாகக் கையை நீட்டுகிறது. "தொடாதே, உடைஞ்சிடும்!" என்று அதட்டல் விழுகிறது. அந்த வீட்டைத் தொடக் கூடாத ஒரே ஆள், அதைக் கட்டியதாகச் சொல்லப்படுகிற ஆள்தான்.

பள்ளியில் டீச்சர் பார்க்கிறார். யார் செய்தது என்று அவருக்குத் தெரியாதா? அவரும் நேற்று ராத்திரி தன் பிள்ளைக்காக ஒரு சிக்னல் செய்துவிட்டு வந்தவராகத்தான் இருப்பார். ஆனாலும் ஸ்டார் கொடுக்கிறார். வீடு காட்சிக்கு வைக்கப்படுகிறது. கீழே பிள்ளையின் பெயர்!

இதில் பிள்ளை என்ன கற்றுக்கொண்டது? வீட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. தெர்மாகோலைப் பற்றியும் ஒன்றும் இல்லை. அடுத்தவர் செய்த வேலையில் தன் பெயரை எழுதிக்கொள்ளலாம், அதற்குப் பரிசும் கிடைக்கும் என்பதை மட்டும் நன்றாகக் கற்றுக்கொண்டது. ஐந்து வயதில்! அதே பிள்ளை கல்லூரிக்கு வந்து புராஜெக்ட் ரிப்போர்ட்டைக் காசு கொடுத்து வாங்கினால் மட்டும் பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். விதை எங்கே போடப்பட்டது என்று யாரும் கேட்பதில்லை.

கே.ஜி. என்றால் என்ன?

எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்பதில் வரும் கே.ஜி. கிலோகிராம் இல்லை (புத்தகப் பையைத் தூக்கிப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும்). அது கிண்டர்கார்டன். குழந்தைகளின் தோட்டம்.

ஃபிரெட்ரிக் ஃபிரோபெல் என்ற ஜெர்மானியர் 1837இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிறிய ஊரில் சின்னக் குழந்தைகளுக்காக ஓர் இடத்தைத் தொடங்கினார். 1840இல் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். குழந்தையின் கையில் அவர் முதலில் கொடுக்கச் சொன்னது பென்சிலை அல்ல. கம்பளி நூலில் செய்த பந்து. அடுத்து மரத்தில் செய்த உருண்டை, கனசதுரம், உருளை. அதற்குப் பிறகு காகிதம் மடிப்பது, பின்னுவது, களிமண் பிசைவது, செடி வளர்ப்பது. இவ்வளவுதான் அந்தத் தோட்டத்தின் பாடத்திட்டம்.

பிரஷ்ய அரசு 1851இல் கிண்டர்கார்டனுக்குத் தடை போட்டது. அடுத்த வருடம் ஃபிரோபெல் இறந்துபோனார். 1860இல்தான் தடை நீங்கியது. அந்த அரசு செய்தது அராஜகம். ஆனால் ஒரு விதத்தில் நேர்மையான அராஜகம். பிடிக்கவில்லை, பலகையைக் கழற்றியது. இங்கே என்ன நடக்கிறது? பலகையைப் பளபளவென்று மாட்டிவிட்டு, உள்ளே இருந்த பந்தையும் களிமண்ணையும் கழற்றி எறிந்துவிட்டார்கள். பதிலுக்கு நான்கு கோடு நோட்டு, இரண்டு கோடு நோட்டு, கட்டம் போட்ட நோட்டு. மூன்றரை வயதுப் பிள்ளைக்கு வீட்டுப்பாடம்!

கை தயாராக வேண்டாமா?

மனிதனின் மணிக்கட்டில் எட்டு சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக எலும்பாக மாறி, கடைசி ஒன்றின் முறை வருவதற்குச் சுமார் பத்து வயது ஆகிவிடும். சின்னப் பிள்ளை பென்சிலை முதலில் உள்ளங்கை முழுவதாலும் இறுக்கிப் பிடிக்கும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்து பிடிக்கும் பிடி பெரும்பாலும் நாலு, ஐந்து வயது வாக்கில்தான் படிகிறது.

அந்தப் பிடி எப்படி வரும்? எழுதி எழுதி வரும் என்று நினைப்பவர்கள் சப்பாத்தி மாவில் ஒரு உருண்டையைப் பிள்ளையிடம் கொடுத்துப் பார்க்கட்டும். பிள்ளை அதை உருட்டும், பாம்பு செய்யும், பிறகு அந்தப் பாம்பை மூன்று விரலால் கிள்ளிக் கிள்ளி எடுக்கும். பென்சில் பிடிக்க வேண்டிய அதே மூன்று விரல்கள்தான்! பட்டாணி உரிப்பது, பூண்டு உரிப்பது, துணிக்கு கிளிப் மாட்டுவது, காகிதத்தைக் கிழிப்பது எல்லாமே அந்த விரல்களுக்கான பயிற்சி. ஒரு பைசா செலவில்லை.

சரி, விரலுக்கு மட்டும்தானா? நுங்கு வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நுங்கு தின்ற இரண்டு கூந்தலை ஒரு குச்சியால் கோர்த்து, கவட்டைக் கம்பு வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். இரண்டில் ஒன்று சின்னதாக இருந்தால் வண்டி நேராகப் போகாது, சின்னது இருக்கும் பக்கமாகவே திரும்பிக்கொண்டு போகும். ஏன்? பிள்ளைக்கு யாரும் சொல்ல வேண்டாம். நாலு முறை வேலியில் முட்டிய பிறகு, அதுவே போய்ச் சரிசமமான இரண்டைத் தேடி எடுத்து வரும்.

பனை ஓலைக் காற்றாடியும் அப்படித்தான். முள்ளை இறுக்கமாகக் குத்தினால் சுற்றாது. ரொம்பத் தளர்ந்தால் கழன்று விழும். இரண்டுக்கும் நடுவில் ஓர் அளவு இருக்கிறது. அந்த அளவை எந்தப் புத்தகமும் சொல்லித் தர முடியாது, விரல்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

உயரமான டம்ளரிலிருந்து அகலமான கிண்ணத்துக்குத் தண்ணீரை ஊற்றிக் காட்டி, "எதில் அதிகம்?" என்று நாலு வயதுப் பிள்ளையிடம் கேளுங்கள். பெரும்பாலும் "டம்ளரில்தான்" என்று அடித்துச் சொல்லும். ழான் பியாஜே இதை வைத்துத்தான் குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்தார். ஊற்றி ஊற்றி விளையாடட்டும். ஒருநாள் அதுவே "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லும். அதை மனப்பாடம் செய்ய வைத்து என்ன பயன்?

குப்பையில் இருந்த விஞ்ஞானம்

அரவிந்த் குப்தா என்று ஒருவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் 1975இல் பட்டம் வாங்கியவர். லாரி கம்பெனியில் வேலை. 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் கிராமப் பள்ளிகளில் நடந்த அறிவியல் திட்டத்துக்குப் போனார். அங்கே அவர் கையில் கிடைத்தது சைக்கிள் வால்வு ட்யூபும் தீக்குச்சியும். ட்யூபைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, அதில் தீக்குச்சிகளைச் செருகி முக்கோணம் செய்தார், சதுரம் செய்தார். அமுக்கிப் பார்த்தால் சதுரம் கோணிக்கொண்டு படுக்கிறது, முக்கோணம் அசையாமல் நிற்கிறது! பாலத்திலும் மின்சாரக் கோபுரத்திலும் ஏன் இத்தனை முக்கோணங்கள் என்று கிராமத்துப் பிள்ளைகளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிடும். 2018இல் அவருக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. அவர் செய்த நூற்றுக்கணக்கான பொம்மைகளின் செய்முறை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

இங்கே பாட்டி வேலி கட்டியதும் அதே தீக்குச்சியில்தான். ஒன்று பிள்ளையின் கையில் இருந்தது, மற்றது பாட்டியின் கையில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

"விளையாடவா ஃபீஸ் கட்டறோம்?"

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்ப்பு வரும். கட்டட வேலைக்குப் போகும் ஓர் அம்மா, கூலியில் மிச்சம் பிடித்து நர்சரி பள்ளிக்கு ஃபீஸ் கட்டுகிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளை படிக்கிறது என்பதற்கு அவருக்கு இருக்கும் ஒரே சாட்சி அந்த நோட்டு. பக்கம் பக்கமாக எழுதியிருந்தால் காசு வீண் போகவில்லை என்று நிம்மதி. "களிமண்ணுல விளையாடுறதுக்கு எம்புள்ள தெருவிலேயே விளையாடுமே" என்று அவர் கேட்டால் அதை யாரும் கேலி செய்ய முடியாது. கேலி செய்யவும் கூடாது.

ஆனால் அந்த அம்மாவுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அவர் கட்டட வேலை செய்கிற அதே நகரத்தில், பெரிய வீட்டுப் பிள்ளைகள் போகும் பள்ளிகளில் நோட்டே கிடையாது! அங்கே மணல் தொட்டி உண்டு, களிமண் உண்டு, தண்ணீர் ஊற்றி விளையாடக் குட்டிக் குட்டி ஜாடிகள் உண்டு. அதற்குத்தான் லட்சத்தில் ஃபீஸ். பணம் இருப்பவர் பிள்ளை மண்ணில் விளையாடப் பணம் கட்டுகிறார். பணம் இல்லாதவர் பிள்ளை மண்ணில் விளையாடாமல் இருக்கப் பணம் கட்டுகிறார். இதைவிடக் கொடுமையான வேடிக்கை வேறு உண்டா?

மாண்டிசோரி கதையும் இதேதான். மரியா மாண்டிசோரி தன் முதல் குழந்தைகள் இல்லத்தை 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோவில் திறந்தார். அது தொழிலாளர்கள் வாழ்ந்த ஏழைப் பகுதி. பெற்றோர் வேலைக்குப் போனபின் பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகளுக்காகத் திறந்த இடம். 1939இல் அவரே சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போரினால் 1946 வரை இந்தியாவிலேயே இருக்க நேர்ந்தது. ஏழைக் குழந்தைகளுக்காகப் பிறந்த அந்த முறை இன்று யாருடைய தெருவில் இருக்கிறது என்று பெயர்ப்பலகைகளைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

அரசு பக்கம் முயற்சியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய திட்டத்தில் பிறந்த அங்கன்வாடிகள் இருக்கின்றன. பாட்டும் கதையும் விளையாட்டும்தான் அங்கே பாடம். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007இல் மாநிலம் முழுக்க 1 முதல் 4ஆம் வகுப்பு வரை வந்தது. பிள்ளைகள் பெஞ்சை விட்டுப் பாயில் உட்கார்ந்தார்கள், கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டமும் செயல்பாட்டைத்தான் நம்புகிறது. ஆனால் "அங்க சும்மா விளையாட வைக்கிறாங்க" என்று சொல்லிப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு டை கட்டிய பள்ளிக்குப் போகிறவர்கள் குறையவில்லை. அந்த "சும்மா" என்ற சொல்தான் இங்கே எதிரி.

டப்பாவில் அடைத்த விளையாட்டு

இன்னொரு கூட்டமும் கிளம்பியிருக்கிறது. "ஆக்டிவிட்டி கிட்" வியாபாரம். டப்பாவைத் திறந்தால் வெட்டி வைத்த காகிதம், ஓட்டை போட்டு வைத்த அட்டை, அளந்து வைத்த நூல். பிள்ளை செய்ய வேண்டியது ஒட்டுவது மட்டும். படத்தில் இருப்பது மாதிரியே வர வேண்டும். வராவிட்டால் பிள்ளை அழும், அம்மா சரி செய்வார்... மறுபடியும் அதே தெர்மாகோல் வீடு!

யோசித்துப் பாருங்கள். வெட்டுவது, அளப்பது, ஓட்டை போடுவது, தப்பாகப் போட்டுவிட்டு முழிப்பது... இவைதான் வேலை. அதையெல்லாம் தொழிற்சாலையே முடித்துவிட்டால் பிள்ளைக்கு மிஞ்சுவது பசை மட்டுமே.

என்னதான் செய்வது?

பெரிதாக ஒன்றும் வேண்டாம்.

பள்ளிகள், புராஜெக்ட் என்ற சொல்லை ஒன்றாம் வகுப்புக்குக் கீழே ஒழிக்கட்டும். எதைச் செய்ய வைத்தாலும் வகுப்பிலேயே செய்ய வைக்கட்டும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு முடியாது என்பார்கள். நாற்பது பிள்ளைக்கும் ஆளுக்கு ஒரு பழைய செய்தித்தாள் கொடுத்துக் கப்பல் செய்யச் சொல்ல முடியும். தண்ணீர்த் தொட்டியில் விட்டால் எது முதலில் மூழ்குகிறது, ஏன் என்று ஒரு முழு பீரியட் பேச முடியும்.

பெற்றோர், பிள்ளைக்கு இரண்டு பொருளும் கொஞ்சம் நேரமும் கொடுக்கட்டும். தென்னை ஓலை, புளியங்கொட்டை, காலி தீப்பெட்டி, பழைய துணி. (மூன்று வயதுக்குக் கீழே கொட்டை வகைகள் வேண்டாம், வாயில் போட்டுவிடும். அதற்கு மேலும் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பது நல்லது.) கை அரிக்கும், திருத்தத் தோன்றும். அந்தக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வதுதான் பெற்றோரின் புராஜெக்ட்!

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடை மூடுவதற்கு முன்னால் ஓடாமல், சாயங்காலமே பிள்ளையின் முன்னால் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை வைத்துப் பாருங்கள். வீடு கோணலாக வரும். கூரை ஒரு பக்கம் சரியும். கதவு, பிள்ளையின் கணக்கில், மாடியில் இருக்கும். அப்படியே பையில் போட்டு அனுப்புங்கள். ஸ்டார் கிடைக்காது. போகட்டும்.

டீச்சர் "யார் செஞ்சது?" என்று கேட்டால், பிள்ளை கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொல்லும்.