வயிர விழாவில் எவ்வயிரம்?

கல்லூரிகள் தம் அறுபதாம் ஆண்டினை வயிர விழாவெனக் கொண்டாடுகின்றன. விக்ரோறியா மகாராணியார்க்கு 1897இல் எடுத்த விழாவினால் பரவிய வழக்கு இது. அவ்வயிரம் கல். இலங்கையின் இரத்தினக் குழிகளிலோ அக்கல் கிடைப்பதில்லை. மாத்தறை வயிரம் எனப்படுவதும் நிறமற்ற சிர்க்கன் கல்லேயாம்.

தமிழில் வயிரமென்பது மரத்தின் உள்ளுறுதியையும் குறிக்கும். அதனைக் காழ் என்றும் கூறுவர். அகத்தே காழுடையது மரம், புறத்தே காழுடையது புல் எனத் தொல்காப்பியர் வகுத்தார். (யாழ்ப்பாணத்துப் பனை புல்லாகிவிடுவதை அவ்வூர் அன்பர்கள் பொறுத்தருள்க!) கண்டி வளவுகளில் நிற்கும் பலாவை அறுத்துப் பாருங்கள். வெளிறிய புறக்கட்டை கறையானுக்கு இரையாகும். மஞ்சள் நடுக்கட்டை நின்று உழைக்கும். நீரேற்றும் பணியினின்று ஓய்ந்த பழைய வளையங்களே அவ்வாறு இறுகி மரத்தைத் தாங்குகின்றன. ஓய்வுபெற்ற ஆசிரியரையும் பழைய மாணவரையும் உடைய கல்லூரிக்கு இவ்வயிரமே பொருந்தும் என்பது எம் கருத்து.

பகை என்பதும் அச்சொல்லின் பொருளே. 1983 யூலையில் கண்டியிற் கடைகள் எரியக் கண்டோர்க்கு அதனை விளக்க வேண்டா. அதுவும் உள்ளே இறுகுவதுதான். ஆனால் அதனைக்கொண்டு தூண் செய்தல் இயலாது.

விழா நினைவாகக் கல் பதித்த பதக்கம் வழங்குவதினும் வளவில் ஒரு பலாக்கன்று நடுவது நன்று. அது வயிரமேறக் காணும் பேறு இன்றைய சிறுவகுப்பு மாணவர்க்கே உண்டு.