பிள்ளையின் பல்லுக்குத் தாயா குற்றவாளி?

தோட்டத்துப் பிள்ளைகளின் பல்லைப் பற்றிப் பேச்சு வந்தால், உடனே தாயைத்தான் குற்றம் சொல்கிறார்கள். "பல் தீட்டப் பழக்கவில்லை, சீனித் தேத்தண்ணி கொடுத்தே கெடுத்துவிட்டாள்" என்கிறார்கள். சீனி பல்லைக் கெடுக்கும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் முளைக்கும்போதே மஞ்சளாக வரும் பல்லுக்கும் தாய்தான் காரணமா?

டெட்ராசைக்கிளின் என்பது 1948 முதல் பாவனையில் உள்ள அன்டிபயோட்டிக் வகை. அது கல்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஈறுக்குள் பல் உருவாகும் காலத்தில் கொடுத்தால் பல்லுக்குள்ளேயே படிந்துவிடும். கர்ப்பத்தின் நான்காம் மாதம் தொடங்கிப் பிள்ளைக்கு 8 வயதாகும் வரை இந்த ஆபத்து உண்டு. வெளிச்சம் படப்பட அந்த மஞ்சள் மண்ணிறமாகும். எவ்வளவு தீட்டினாலும் போகாது. பல்லின் மேல்பூச்சான எனாமலும் சரியாக வளராமல் போகலாம். எனாமல் குறைந்த பல்லைச் சூத்தை சீக்கிரம் பிடிக்கும். போன எனாமல் திரும்ப வளராது.

பாணி மருந்துகள் பலவற்றில் சீனி உண்டு. இரவில் குடித்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் தூங்கும் பிள்ளையின் பல்லில் அந்தச் சீனி விடியும்வரை கிடக்கிறது. இதைத் தாய்க்கு யார் சொன்னார்கள்?

மண்ணிறப் பல் எல்லாவற்றுக்கும் மருந்தே காரணம் என்று நாம் சொல்லவில்லை. மருந்து வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நிமோனியா வந்த பிள்ளையின் உயிரைக் காப்பது அன்டிபயோட்டிக்தான். யார் சோதித்துக் கொடுத்தார், எந்த மருந்தைக் கொடுத்தார் என்பதே நமது கேள்வி. பெயர் எழுதாத கடதாசிப் பையில் குளிசை வாங்கிய தாய் நம்மில் எத்தனை பேர்! பிள்ளையை அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனால் அன்றைய பேர் இல்லை. பேர் போனால் அடுப்பு எரியாது. அதனால்தான் டவுன் பார்மசியில் துண்டு இல்லாமலே மருந்து வாங்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பெயர் தாயின் அலட்சியமா?

நாம் கோருவது இவைதான்:

கொடுக்கும் ஒவ்வொரு மருந்தின் பெயரும் அளவும் தமிழில் எழுதித் தரப்பட வேண்டும்.

கர்ப்பிணிக்கும் சிறுபிள்ளைக்கும் தகுதி பெற்ற டொக்டர் பார்த்தே அன்டிபயோட்டிக் கொடுக்க வேண்டும்.

நோயுற்ற பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் நாளுக்கு முழுப் பேர் போட வேண்டும்.

பல் சிகிச்சையாளர் பிள்ளைக் காம்பராவுக்கும் தோட்டப் பாடசாலைக்கும் ஒழுங்காக வர வேண்டும்.

தாய்மாரே, மருந்து வாங்கும்போது அதன் பெயரைக் கேளுங்கள். கர்ப்பமாக இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். பதில் தர மறுத்தால் தோட்டக் கமிட்டித் தலைவரிடம் வாருங்கள். நாம் சேர்ந்தே போய்க் கேட்போம்.