சாக்பீஸ் கோடு சாட்சி சொல்லுமா?



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த செயலாளர் அண்ணன், "வேலையில்லாத் திண்டாட்டம் பற்றி எழுது, இல்லாவிட்டால் வருங்கால இந்தியா பற்றி எழுது" என்றார். அவற்றை எழுத ஆள் நிறைய உண்டு. நான் எழுத வந்திருப்பது ஒரு கையகல இரும்புப் பெட்டியைப் பற்றி. அதற்குள் ஐந்து சின்னச் சக்கரங்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் 0 முதல் 9 வரை எண்கள். வெண்ணெய் கடையும் சர்ன் எத்தனை சுற்று சுற்றியது என்று எண்ணிச் சொல்வதுதான் அதன் வேலை. எங்கள் புராஜெக்ட் அதுதான். முதல் ரிவ்யூவில், "இது ஐடிஐ பையன் செய்கிற வேலை, டிப்ளமோவுக்குப் போதாது" என்று திருப்பி அனுப்பப்பட்டதும் அதுதான்.

போதும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

சர்ன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு: குளிரவைத்த க்ரீமைப் பாதி அளவுக்கு ஊற்றி மூடிச் சுழற்றும் பெரிய எவர்சில்வர் பாத்திரம். முன்பு மேலை நாடுகளில் மரப் பீப்பாயில் கைப்பிடி வைத்துச் சுற்றினார்கள். இன்று பெரிய ஆலைகளில், ஒருபுறம் க்ரீம் போனால் மறுபுறம் வெண்ணெய் வரும் தொடர் இயந்திரங்கள் வந்துவிட்டன. சிறிய பண்ணைகளில் இன்னும் சர்ன்தான். பாதிதான் ஊற்ற வேண்டும், ஏனென்றால் க்ரீம் நுரைத்துப் பொங்கும். முதலில் 'சளக் சளக்' என்று சத்தம் வரும். நுரை கெட்டியானதும் சத்தம் அடங்கி, ஓடுகிறதா நிற்கிறதா என்றே சந்தேகம் வரும். அப்புறம் திடீரென்று 'தொம்... தொம்...' என்று விழும். வெண்ணெய் திரண்டுவிட்டது என்று அர்த்தம். பார்வைக் கண்ணாடியும் அந்த நேரத்தில் தெளிந்துவிடும். மோரை வடித்து, குளிர்ந்த நீரில் கழுவி, பிறகு மெதுவான வேகத்தில் சில சுற்றுகள் விட்டுப் பிசைய வேண்டும்.

இதையெல்லாம் புத்தகத்தில் படிக்கும் முன்பே எனக்குத் தெரியும். என் அப்பா ஒரு தனியார் பால் பண்ணையில் சர்ன் ஓட்டுகிறவர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். திரளும் கட்டத்தைக் காதால் கண்டுபிடிப்பார். பிசையும் கட்டத்துக்கு மட்டும் காது உதவாது. ஐந்து சுற்றுக்கு ஒரு கோடு என்று சுவரில் சாக்பீஸால் போட்டுக்கொள்வார். எட்டுக் கோடு வந்தால் நாற்பது சுற்று, நிறுத்தலாம்.

பிசைவதில் ஏன் இத்தனை கணக்கு? சுற்று குறைந்தால் நீர் பெரிய பெரிய துளியாக வெண்ணெய்க்குள் நின்றுவிடும். வெட்டினால் வேர்த்தது போல ஒழுகும், சீக்கிரம் கெட்டும் போகும். சுற்று கூடினால் வெண்ணெய் பசை போலாகித் தன் உருவத்தையே இழந்துவிடும். நம் நாட்டு உணவுச் சட்டப்படி டேபிள் பட்டரில் கொழுப்பு 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, ஈரம் 16 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்த 16க்கு உள்ளே நிற்பதில் இந்தச் சுற்றுகளுக்கும் பங்குண்டு.

நான் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது ஒரு பேட்ச்சில் ஈரம் 18 வந்துவிட்டது. வாங்கியவர் சரக்கைத் திருப்பிவிட்டார். "சுற்று சரியா விடலை, தூங்கிட்டே" என்று அப்பா மேல் பழி. "எட்டுக் கோடு போட்டேன் சார்" என்றார் அப்பா. கோடு எங்கே? வேலை முடிந்ததும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துச் சுவர், தரை எல்லாம் கழுவிவிடுவது அங்கே வழக்கம். கழுவியதும் அப்பாவேதான்! மூன்று நாள் கூலி போயிற்று. 'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை' என்பார்களே, எங்கள் வீட்டில் திரண்டு வந்த பிறகு உடைந்தது.

அப்பா இன்னொன்றும் சொன்னார். "அன்னைக்கு க்ரீம் சீக்கிரமே திரண்டுபோச்சு சார், வழக்கமான நேரம் ஆகலை." அதை யாரும் காதில் வாங்கவில்லை. ஆனால் அதில்தான் விஷயமே இருந்தது. க்ரீம் சூடாக இருந்தால் சீக்கிரம் திரளும். அப்படித் திரளும் வெண்ணெய் இளகலாக இருக்கும், ஈரத்தை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும், மோரோடு கொழுப்பும் நிறையப் போய்விடும். முந்தின இரவு கரண்ட் போய்க் குளிர்விப்பான் சில மணி நேரம் நின்றிருந்தது. ஒரு கவுண்ட்டர் மட்டும் இருந்திருந்தால், 'வழக்கமாக 1260 சுற்றில் திரள்வது இன்று 900லேயே திரண்டது' என்று தெரிந்திருக்கும். குற்றம் பிசைந்த கையிலா, குளிராத க்ரீமிலா என்று பார்க்க ஒரு வழி பிறந்திருக்கும்.

ரிவ்யூவில் ஒரு சார் மடக்கினார். "மோட்டார் ஒரே வேகம்தானே ஓடுது? நிமிஷத்தை ஆர்.பி.எம்.மால் பெருக்கினால் சுற்று வந்துடும். இதுக்கு எதுக்கு ஒரு மெஷின்?" நல்ல கேள்விதான். காகிதத்தில் 28 ஆர்.பி.எம்., 45 நிமிடம், 1260 சுற்று. ஆனால் ஈரமான இடத்தில் பெல்ட் வழுக்கும். கரண்ட் போய் ஜெனரேட்டர் வரும்வரை சர்ன் நிற்கும், சுவர்க் கடிகாரம் நிற்காது. கடிகாரம் எண்ணுவது நேரத்தை. க்ரீம் அடி வாங்குவதோ சுற்றுக் கணக்கில்.

வேகத்தைக் கூட்டிச் சீக்கிரம் முடிக்கலாமே என்று நம் வகுப்பிலேயே ஒருவன் கேட்டான். இதற்கு நாம் படித்த அப்ளைடு மெக்கானிக்ஸே பதில் சொல்லும். சுற்றும் வேகம் ஓர் அளவைத் தாண்டினால் மைய விலக்கு விசை எடையை வென்றுவிடும். க்ரீம் மேலே போய்க் கீழே விழாது, சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும். பிறகு அடி ஏது, வெண்ணெய் ஏது? கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30ஐ ஆரத்தின் வர்க்க மூலத்தால் வகுத்தால் அந்த எல்லை வேகம் ஏறக்குறைய வந்துவிடுகிறது. ஆரத்தை மீட்டரில் எடுக்க வேண்டும். அப்பாவின் சர்னுக்கு ஆரம் 75 சென்டிமீட்டர், எல்லை சுமார் 35 ஆர்.பி.எம். ஓட்டுவது 28. இந்தச் சூத்திரம் தெரியாமலேயே, "அதுக்கு மேல போனா உள்ளே சத்தமே இருக்காது தம்பி" என்று அப்பா சொல்லியிருக்கிறார்.

இனி எங்கள் தோல்விக் கதை. முதலில் பழைய இரும்புக் கடையில், பிரஸ் மெஷினில் இருந்து கழற்றிய லீவர் வகைக் கவுண்ட்டர் ஒன்றை 150 ரூபாய்க்கு வாங்கினோம். சர்ன் ஷாஃப்ட்டின் முனையில் கிளாம்ப் போட்டு ஒரு போல்ட் நீட்டினோம். ஒவ்வொரு சுற்றுக்கும் போல்ட் லீவரைத் தட்டும், ஓர் எண் ஏறும். எளிது என்று நினைத்தோம். முதல் நாளே 40 சுற்றுக்கு 43 காட்டியது. காரணம் புரிய ஒரு வாரம் ஆயிற்று. மோட்டாரை நிறுத்தியதும் சர்ன் உடனே நிற்பதில்லை. உள்ளே கனமான வெண்ணெய் ஒரு பக்கம் கிடப்பதால் ஊஞ்சல் போல முன்னும் பின்னும் ஆடித்தான் நிற்கிறது. அந்த ஆட்டத்தில் போல்ட் மறுபடி மறுபடி லீவரைத் தட்டுகிறது. ஆடியதையெல்லாம் அது சுற்றியதாக எழுதிக்கொள்கிறது. போதாக்குறைக்கு யார் வேண்டுமானாலும் விரலால் தட்டி எண்ணை ஏற்றலாம். பொய் சொல்லும் சாட்சியை வைத்து என்ன செய்ய?

பிறகு ஒரு விசைத்தறிக்காரரிடமிருந்து சுழல் வகைக் கவுண்ட்டர் கிடைத்தது. இதில் லீவர் இல்லை. தண்டு முன்பக்கம் சுற்றினால் எண் ஏறும், பின்பக்கம் சுற்றினால் இறங்கும். ஒரு முழுச் சுற்றுக்குப் பத்து எண். ஆகவே கடைசிச் சக்கரம் பத்தில் ஒரு சுற்றைக் காட்டும். பதினெட்டுப் பல் சைக்கிள் ஸ்ப்ராக்கெட் இரண்டு, ஒரு துண்டுச் செயின், ஒன்றுக்கு ஒன்று விகிதம். நாங்கள் வாங்கியவை ஃப்ரீவீல் ஸ்ப்ராக்கெட்டுகள். அப்படியே மாட்டினால் பின்னால் சுற்றுவதை விட்டுவிடும் என்பதால் ஒர்க்ஷாப்பில் இரண்டையும் வெல்டு வைத்து இறுக்கினோம். இப்போது சர்ன் ஆடி நிற்கும்போது கடைசி எண்ணும் கூடவே முன்னும் பின்னும் ஆடி நிற்கிறது. கூட்டவும் தெரிந்து, கழிக்கவும் தெரிந்த கணக்குப்பிள்ளை! (இதையே எங்கள் அம்மாவின் மத்தில் மாட்டினால் நாள் முழுக்கக் கடைந்தாலும் பூஜ்ஜியம்தான் காட்டும். கயிற்று மத்து எவ்வளவு முன்னால் சுற்றுகிறதோ அவ்வளவு பின்னாலும் சுற்றுகிறதே.)

அந்தப் பெட்டியைக் கழற்றிப் பார்த்தவர்கள் அதைச் 'சின்ன வேலை' என்று சொல்ல மாட்டார்கள். ஒரு சக்கரத்தில் 9 போய் 0 வரும் அந்த ஒரு கணத்தில் மட்டும், அதன் பக்கத்தில் இருக்கும் இரண்டே பற்கள் ஒரு குட்டிப் பினியனைப் பிடித்துத் திருப்பும். பினியன் அடுத்த சக்கரத்தைச் சரியாகப் பத்தில் ஒரு பங்கு தள்ளும். மற்ற நேரமெல்லாம் விளிம்பு அந்தப் பினியனை அசையவிடாமல் பூட்டி வைத்திருக்கும். 'மீதி ஒன்று' என்று நாம் ஒன்றாம் வகுப்பில் விரல் மடக்கிக் கற்றதை உலோகம் செய்கிறது. இப்படி மீதியைத் தானே கடத்தும் ஒரு கணக்குப் பெட்டியை பிளேஸ் பாஸ்கல் 1642இல் செய்யத் தொடங்கினார். வரி அலுவலரான தன் தந்தையின் கூட்டல் சுமையைக் குறைக்கத்தான் தொடங்கினார். அவர் பிறந்தது 1623இல், வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1890களில் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டு நகரில் கர்டிஸ் வீடர் என்பவர் சைக்கிள் ஓடிய தூரத்தை எண்ணும் சிறு கருவி செய்து விற்றார். அந்த வழியில் வந்த எண் சக்கரங்கள்தாம் தறியிலும் ஸ்கூட்டரிலும் பழைய கரண்ட் மீட்டரிலும் நாம் பார்த்தவை.

எல்லாவற்றையும் விட நான் வற்புறுத்த விரும்புவது ஒன்று. எங்கள் கவுண்ட்டரில் பூஜ்ஜியமாக்கும் திருகு இருந்தது. அதை அறுத்து எடுத்துவிட்டோம். "ஒவ்வொரு பேட்ச்சுக்கும் ஜீரோ பண்ண முடியாதே, அது குறைதானே?" என்று கேட்டார்கள். குறை இல்லை. வேண்டுமென்றேதான் செய்தோம். தொடங்கும்போது ஓர் எண், முடியும்போது ஓர் எண், இரண்டையும் நோட்டில் எழுதினால் கழித்தல் கணக்கு யாருக்கும் வரும். 9999.9 ஆனதும் தானாகவே மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். நேற்றைய எண்ணை இன்று யாரும், முதலாளியானாலும் சரி, என் அப்பாவானாலும் சரி, அழிக்க முடியாது. எண் தெரியும் ஜன்னலைச் சூப்பர்வைசர் மேஜைப் பக்கம் வைக்காமல், சர்ன் ஓட்டுகிறவர் நிற்கும் பக்கம் வைத்தோம். கருவி யாருக்கு முகம் காட்டி நிற்க வேண்டும் என்பதும் டிசைன்தான் நண்பர்களே. நம் டிராயிங் ஷீட்டில் அதற்குத் தனிக் கோடு கிடையாது.

பால் தொழிலில் இது புதிய நியாயமும் அல்ல. 1890இல் விஸ்கான்சினில் ஸ்டீபன் பாப்காக், பாலில் அமிலம் ஊற்றிச் சுழற்றிக் கொழுப்பை அளக்கும் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். அதுவரை அளவுக்குத்தான் காசு. தண்ணீர் கலந்தவனும் நல்ல பால் ஊற்றியவனும் ஒன்று. சோதனை வந்த பிறகு நல்ல பால்காரன் கையில் ஓர் எண் வந்தது. அவர் அதற்குக் காப்புரிமைகூட வாங்கவில்லை. நம் ஊர்ச் சொசைட்டிகளில் வெகுகாலம் நடந்த கெர்பர் சோதனை அதற்குப் பங்காளி முறை.

"பிராக்ஸிமிட்டி சென்சார் வைத்து டிஜிட்டல் டிஸ்பிளே போட்டால் மார்க்கு கூட வருமே" என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வரும். சென்சாரை நான் பழிக்கவில்லை. கரண்ட் போனாலும் எண்ணை மறக்காத டிஜிட்டல் கவுண்ட்டர்கள் உண்டு, பெரிய ஆலைக்கு அதுதான் சரி. எங்கள் கருவிக்கும் வியாதி உண்டு: கழுவும் காஸ்டிக் சோடா துத்தநாக வார்ப்பு உடலை அரிக்கும் என்று அதை அக்ரிலிக் பெட்டிக்குள் வைக்க வேண்டியதாயிற்று. ஆனால் அந்தப் பண்ணையில் டிஜிட்டல் கவுண்ட்டர் பழுதானால் அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மறுபடி சாக்பீஸ் எடுப்பார்கள். இதையோ அப்பா ஸ்க்ரூ டிரைவரால் திறந்து, எந்தப் பல் எதைத் தள்ளவில்லை என்று கண்ணாலேயே பார்த்துவிடுவார். தனக்குப் புரியாத சாட்சியை அவர் எப்படி நம்புவார்?

இரண்டாவது ரிவ்யூ அடுத்த மாதம். புராஜெக்ட்டின் எடையை அதில் இருக்கும் ஒயர்களின் எண்ணிக்கையால் அளக்க வேண்டாம் என்று துறை ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். நம் சங்கமும் இதைக் கேட்க வேண்டும். லேத்தில் கடைந்து, கையால் ராவி, வேலை நடக்கும் இடத்தில் மாட்டிப் பிழை திருத்திய புராஜெக்ட்டுகளுக்கு, அந்த இடத்துக்கே வந்து பார்த்து மார்க்குப் போடும் வழக்கம் வரட்டும்.

கவுண்ட்டர் மாட்டி ஏழு வாரம் ஆகிறது. அப்பா இன்னும் அதற்குக் கீழேயே சுவரில் கோடு போடுகிறார். ஏன்பா என்றால், "ரெண்டும் ஒத்துப்போகுதான்னு பாக்குறேன்" என்கிறார். போன வாரம் ஒரு நாள் இரண்டு சுற்று வித்தியாசம் வந்தது. கோட்டைத் தப்பாகப் போட்டிருப்பீர்கள் என்றேன். இல்லை, செயின் ஒரு பல் தாவியிருக்கும் என்கிறார். ஒரு பல் தாவினால் பதினெட்டில் ஒரு பங்குச் சுற்றுதானே குறையும் என்று விளக்கினேன். "அப்போ முப்பத்தாறு பல்லு தாவியிருக்கும்" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை கவரைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.