முழுமையும் பிழையின்மையும்: சான்றிதழ் மொழிபெயர்ப்பு குறித்துச் சில எண்ணங்கள்

மூலத்துக்கு விசுவாசமா, வாசகனுக்கு விசுவாசமா என்ற கேள்வியை நம் சிற்றிதழ்கள் பல கோணங்களில் விவாதித்துவிட்டன. அவ்விவாதங்கள் எட்டிப் பார்க்காத ஓர் இடத்திலும் அதே கேள்வி எழுகிறது. பிறப்புச் சான்றிதழ், திருமணப் பதிவு, கிராம அலுவலரின் கடிதம், காவல்நிலைய முறைப்பாட்டின் நகல் ஆகியவற்றைத் தமிழிலிருந்து பெயர்த்து, வெளிநாட்டுக் குடிவரவு அதிகாரியின் முன் வைக்கும் இடம் அது. நீதிமன்ற வாசலில் தட்டச்சுப் பொறியோடு அமர்ந்திருப்பவரின் வேலை என்று இலக்கிய உலகம் இதை ஒதுக்கி வைத்திருக்கிறது. ஒதுக்கி வைக்கத்தக்க வேலை அல்ல இது என்பதும், தமிழ்த்துறைகள் இதற்குப் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் என் கருத்து.

முதலில் விதிகளைப் பார்ப்போம். ஆங்கிலமல்லாத ஆவணம் ஒவ்வொன்றுக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பை அமெரிக்கக் குடிவரவு விதி கேட்கிறது. மொழிபெயர்த்தவர் இரண்டு உறுதிகள் தர வேண்டும். மொழிபெயர்ப்பு முழுமையானது, பிழையற்றது என்பது ஒன்று. அப்படிப் பெயர்க்கும் தகுதி தமக்குண்டு என்பது மற்றொன்று. பட்டமோ தேர்வோ கேட்கப்படுவதில்லை. பிரிட்டன், மொழிபெயர்த்தவரின் முழுப்பெயர், கையொப்பம், தேதி, தொடர்பு விவரம் ஆகியவற்றைக் கேட்கிறது. கனடாவின் குடிவரவுத் துறை விண்ணப்பதாரரின் உறவினர் செய்த மொழிபெயர்ப்பை ஏற்பதில்லை. மொழிபெயர்த்தவர் தொழில்முறைச் சங்கத்தின் சான்று பெற்றவரல்லாவிடில் அவருடைய சத்தியக் கடதாசியும் வேண்டும். ஜெர்மனியில் நீதிமன்றத்தின் முன் உறுதியேற்ற மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 1977-இல் தொடங்கப்பட்ட 'நாட்டி' என்னும் அமைப்பு தேர்வு நடத்திச் சான்று வழங்குகிறது.

நாவலை மொழிபெயர்ப்பவர் எவரும் 'இது முழுமையானது, பிழையற்றது' என்று சத்தியம் செய்யத் துணியமாட்டார். அவருடைய பெயரைப் பதிப்பாளர் அட்டையில் போடாமல் விடுவதும் உண்டு. ஒரு பக்கச் சான்றிதழைப் பெயர்ப்பவரோ பெயரும் கையொப்பமும் இட்டு அந்தச் சத்தியத்தைச் செய்தாக வேண்டும். முத்திரையில் உள்ள எழுத்து, ஓரத்துக் கைக்குறிப்பு, அடித்தல் திருத்தல் எதையும் விட முடியாது. மூலத்தில் பிழை இருந்தால் பிழையோடே தர வேண்டும். அழகுபடுத்தவோ திருத்தவோ உரிமையற்ற இந்த எழுத்துக்குத் தனியான ஓர் ஒழுக்கம் தேவைப்படுகிறது.

தமிழ்ப் பெயர்களிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. அவற்றை ரோமன் எழுத்தில் எழுத எல்லோரும் பின்பற்றும் ஒரே முறை நம்மிடம் இல்லை. சண்முகம் என்பவரின் பள்ளிச் சான்றிதழில் 'எஸ்' எழுத்தை அடுத்து 'எச்' இருக்கும்; கடவுச்சீட்டில் இராது. மொழிபெயர்ப்பாளர் தம் பங்குக்கு மூன்றாவது வடிவம் ஒன்றை உண்டாக்கினால் காகிதத்தில் மூன்று மனிதர்கள் உருவாகிவிடுகிறார்கள். தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் நமக்குக் குடும்பப்பெயர் என்ற கட்டமும் பொருந்துவதில்லை. கடவுச்சீட்டில் பெயர் முழுவதும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் இருந்தால், அமெரிக்க விசாவில் முதற்பெயர் அறியப்படவில்லை என்று பொருள்படும் 'எஃப்.என்.யு.' என்ற மூன்று எழுத்துகள் அச்சாகும். பழைய குடும்பக் குறிப்பேடுகளில் 'பார்த்திப வருடம் ஆவணி' என்றிருந்தால் அது 1945-ஆகவும் இருக்கலாம், 2005-ஆகவும் இருக்கலாம். அறுபதாண்டுச் சுழற்சியை அறியாதவர் கையில் ஒருவரின் வயது மாறிவிடும்.

உறவுச் சொற்கள் இதைவிட ஆபத்தானவை. பெரியப்பா மகனையும் நாம் அண்ணன் என்றே அழைக்கிறோம். 'என் அண்ணனைப் பிடித்துச் சென்றார்கள்' என்று ஒருவர் தம் வாக்குமூலத்தில் எழுத, மொழிபெயர்ப்பு அதை உடன்பிறந்த சகோதரன் என்றாக்குகிறது. அவரே நிரப்பிய குடும்ப விவரப் படிவத்திலோ உடன்பிறந்த ஆண் எவரும் இல்லை. அதிகாரியின் கண்ணுக்கு இது முரண். அகதிக் கோரிக்கையில் முரண் என்பது நம்பகத்தன்மையின் கேள்வி. உண்மை சொன்னவர் பொய் சொன்னவராகத் தோன்றுவதற்கு இந்த ஒரு சொல் போதும்.

ஒரே தமிழின் இரு நாட்டு வழக்குகளும் இங்கே குறுக்கிடுகின்றன. இலங்கையில் அதிபர் என்றால் பள்ளித் தலைமையாசிரியர். அரசாங்க அதிபர் என்பவர் மாவட்ட நிர்வாகத்தின் தலைவர். அவரையே மாவட்டச் செயலாளர் என்றும் குறிப்பர். தமிழ்நாட்டில் அதிபர் என்றால் குடியரசின் தலைவர் அல்லது தொழில் உரிமையாளர். மாவட்டச் செயலாளர் என்றால் கட்சிப் பொறுப்பாளர். யாழ்ப்பாணத்துக் கடிதமொன்று சென்னையில் மொழிபெயர்க்கப்படும்போது அரசு அலுவலர் கட்சிக்காரராகிவிடக்கூடும். கனடாவின் அகதிப் பாதுகாப்புப் பிரிவுக்கான விதிகள், மொழிபெயர்ப்பாளர் தம் உறுதிமொழியில் மொழியோடு கிளைவழக்கையும் குறிப்பிட வேண்டும் என்று சொல்வதன் நியாயம் நமக்கு எளிதில் விளங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இலங்கையில் தம் பிள்ளைகளைத் தேடும் தாய்மார், 'காணாமல் போனோர்' என்ற சொல்லை மறுத்து 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே சொல்லிவருகிறார்கள். 2016-இல் அதற்கென நிறைவேறிய சட்டமோ தன் பெயரிலேயே காணாமல் போன ஆட்கள் என்கிறது. 'ஆக்கப்பட்ட' என்ற வினைக்குள் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். மொழிபெயர்ப்பு அதைத் தொலைந்துபோனவர் என்றாக்கினால் தாயின் குற்றச்சாட்டு முழுவதும் அந்த வாக்கியத்திலிருந்து நீங்கிவிடும். செய்வினை, செயப்பாட்டுவினை என்று நாம் வகுப்பில் நடத்தும் இலக்கணம் உயிர்பெறும் இடம் இது.

நம் நாட்டில் இதற்கெல்லாம் காவல் ஒரு முத்திரைதான். 1952-ஆம் ஆண்டின் நோட்டரிகள் சட்டம், ஆவணத்தை மொழிபெயர்க்கவும் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும் நோட்டரிக்கு அதிகாரம் தருகிறது. அவர் இரு பிரதிகளையும் வரிவரியாக ஒப்பிட்டுப் பார்ப்பார் என்ற நம்பிக்கை அதில் அடங்கியிருக்கிறது. சில நிமிடங்களில் முத்திரை விழுந்துவிடும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு அந்த நம்பிக்கை எவ்வளவு மெலிந்தது என்பது தெரியும். முத்திரை ஒரு கையொப்பத்துக்குச் சாட்சி ஆகலாம். 'அண்ணன்' என்ற சொல்லுக்கு ஆகாது.

கணினி இப்போது நொடியில் பெயர்த்துத் தருகிறதே என்பார்கள். தரட்டும். மேற்சொன்ன விதிகள் கேட்பது, தவறு நேர்ந்தால் பதில் சொல்லக்கூடிய, பெயருள்ள ஒரு மனிதரை. அவர் கணினியைத் துணைக்கொண்டாலும் இரு மொழிகளையும் கற்றவராக இருக்க வேண்டும்.

இலக்கியம் கற்பிக்கும் துறைக்கு இந்தக் காகித வேலை எதற்கு என்று சிலர் முகம் சுளிக்கலாம். சொல்லின் பொருள், வழக்கு, உறவுமுறை, பெயரிடும் மரபு ஆகியவை நம் பாடங்கள். அவற்றை அறியாதவர்கள் சத்தியம் செய்துகொண்டிருக்க, அறிந்தவர்கள் ஒதுங்கி நிற்பது முறையன்று. முதுகலையில் ஆவண மொழிபெயர்ப்புக்கு ஒரு தாள் வேண்டும். தேறியவர்களின் பெயர்ப்பட்டியல் பொதுவில் கிடைக்க வேண்டும். தமிழ்நாட்டு, இலங்கை அலுவலகப் பெயர்களுக்கும் உறவுச் சொற்களுக்கும் ஆங்கில நிகரன்களும் விளக்கக் குறிப்புகளும் கொண்ட கையேடு ஒன்றும் வேண்டும். பாடத்திட்டத்தை மாற்றப் பல குழுக்களின் ஒப்புதல் தேவை. கையேட்டுக்கு அது தேவையில்லை. இரு நாடுகளிலும் உள்ள சில ஆசிரியர்கள் சேர்ந்தால் இந்தக் கோடை விடுமுறையிலேயே தொடங்கிவிடலாம்.