கார்பைட் சுண்ணாம்பு சுண்ணாம்பு இல்லையா?

"அது கழிவு சார். அதைப் போய் எங்க தொட்டியில போடச் சொல்றீங்களே!"

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பிளேட்டிங் பட்டறை வைத்திருப்பவர் போன வாரம் என்னிடம் சொன்னது இது. அப்போது அவர் வாசலில் சுண்ணாம்பு மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஆசிட் தண்ணீரை முறிக்கக் காசு கொடுத்து வாங்கியவை. அதே தெருக்கோடியில், அசிட்டிலீன் தயாரிக்கும் இடத்திலிருந்து சுண்ணாம்புச் சேற்றை ஏற்றிக்கொண்டு ஒரு டிப்பர் கிளம்பியது, எங்கேயாவது கொட்ட. எனக்கு வயிறு எரிந்தது.

கழிவு என்று பேர் வைத்துவிட்டால் பொருளின் குணம் மாறிவிடுமா? 64 கிலோ கார்பைட் கல்லைத் தண்ணீரில் போட்டால் அசிட்டிலீன் என்னும் வெல்டிங் வாயு 26 கிலோ வரும். 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு அடியில் தங்கும். அதே 74 கிலோவைச் சூளையில் எடுக்க வேண்டுமானால் 100 கிலோ கல்லை வெட்டி, 900 டிகிரியில் சுட்டு, 44 கிலோ கரியமில வாயுவைக் காற்றில் விட வேண்டும். எரிபொருள் புகை தனி. அரியலூர்ப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கல் எடுத்த பள்ளங்கள் எப்படி வாய் பிளந்து கிடக்கின்றன என்று.

இந்தச் சேறு நாறுகிறதாம். கார்பைட்டில் உள்ள பாஸ்பரஸ் அசுத்தம் கிளப்பும் பூண்டு வாடை அது. காற்றாட உலர்த்தினால் பெருமளவு அடங்கும். காரம் அதிகமாம். அந்தக் காரம்தானே ஐயா ஆசிட்டை முறிக்கிறது! ஏரியில் கொட்டினால் மீனைக் கொல்கிற அதே காரம், தொட்டியில் விட்டால் நிக்கலையும் துத்தநாகத்தையும் அடியில் படிய வைக்கும். தொழிற்பேட்டைக் கழிவால் கொரட்டூர் ஏரி பட்ட பாடு பசுமைத் தீர்ப்பாயம் வரை போன பிறகும் நமக்குப் புத்தி வரவில்லை.

புகளூரைப் பாருங்கள். அரசின் காகித ஆலை தன் சுண்ணாம்புச் சேற்றையும் சாம்பலையும் சேர்த்து நாளுக்கு 600 டன் சிமென்ட் செய்யும் ஆலையையே கட்டியது. புகளூரில் சிமென்ட் ஆவது அம்பத்தூரில் குப்பையா? சேறு வேறு வகை என்பார்கள். இருக்கட்டும், புகளூரில் இருக்கும் மனசு இங்கே ஏன் இல்லை?

வீடு கட்டுகிறவர்களும் இப்படித்தான். அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பலோடு கார்பைட் சுண்ணாம்பைச் சேர்த்துக் கல் போடலாம். பூந்தமல்லியில் மனை வாங்கியவருக்கோ செங்கல்தான் வேண்டும். அதற்காக விளைநிலத்து மேல்மண்ணைச் சுரண்டினாலும் பரவாயில்லை. சாம்பல் கல் என்றாலே முகம் சுளிக்கிறார்.

அன்று அம்பத்தூர்ப் பட்டறையில் சாமி படத்தடியில் மஞ்சள் இருந்தது. இரண்டு சிட்டிகை எடுத்து, ஒன்றில் மூட்டைச் சுண்ணாம்பையும் மற்றதில் டிப்பர் சிந்திய சேற்றையும் குழைத்தேன். இரண்டும் ஆரத்தித் தண்ணீர் போலச் சிவந்தன. இதில் எது கழிவு என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். மாறி மாறிப் பார்த்தார். அவரால் சொல்ல முடியவில்லை.