எய்தவன் இருக்க அம்பை நோவதா?

அண்மையிலே ஒரு நாள் காலை, காரைக்கால் கடைத்தெருவில் ஒரு செல்போன் கடை வாசலிலே பெருங்கூட்டம் கண்டோம். புதிய செல்போன் ஒன்று அன்றுதான் விற்பனைக்கு வருகிறது. "இன்று ஒரு நாள் மட்டும் இந்த விலை" என்று ஆள் உயரத் தட்டி வைத்திருந்தார்கள். துறைமுகத்திலே மூட்டை சுமப்பவர், கிளிஞ்சல்மேட்டு மீனவ இளைஞர், திருநள்ளாற்றுக் கொத்தனார், கல்லூரியில் படிக்கும் மகளைக் கைபிடித்து வந்த தாய் என்று அறுபது எழுபது பேர் நின்றார்கள். பலர் முன்பே 2,000 ரூபாய் முன்பணம் கட்டி, ரசீதை மடித்துச் சட்டைப் பையிலே வைத்திருந்தார்கள்.

பத்து மணிக்குக் கதவு திறந்தது. பத்தேகாலுக்கு "சரக்குத் தீர்ந்துவிட்டது" என்றார்கள். வந்ததே நாலு பெட்டிதானாம்! "நாளைக்கு வாங்க, ஆனா நாளைக்கு இந்த விலை இருக்காது" என்று இன்னொரு குண்டையும் போட்டார்கள்.

"என்ன தம்பி, விடிஞ்சதிலேருந்து நிக்கிறோம். ஒரு நாள் கூலி போச்சு. காசு வாங்குறப்ப தெரியலையா நாலு பெட்டிதான்னு?" என்று கேட்டார் மூட்டை சுமக்கும் தோழர்.

"அண்ணே, நான் என்ன பண்றது? அவங்க அனுப்புனாத்தானே நான் குடுக்க முடியும்?" என்றான் கடைப் பையன்.

பேச்சு முற்றியது. பின்னாலிருந்து ஒரு கை நீண்டு அந்தப் பையனின் சட்டையைப் பிடித்தது. கம்பெனி பெயர் பொறித்த சட்டை தோளிலே கிழிந்தது. சட்டைக்குள்ளே இருந்தவன் யார்? நிரவியிலிருந்து சைக்கிளிலே வேலைக்கு வரும் ஏழைப் பையன்! காலை முதல் இரவு வரை நின்றே காலம் கழிக்கும் கூலிக்காரன்! அவன் சட்டையைப் பிடித்த கையும் உழைத்துக் காய்த்த கை. கிழித்தவனும் பாட்டாளி, கிழிபட்டவனும் பாட்டாளி. கூட்டத்தைக் கூட்டிய கம்பெனிக்காரன் மட்டும் அங்கே இல்லை. அவன் முகத்தை அந்தக் கூட்டத்தில் ஒருவரும் கண்டதில்லை.

இது காரைக்காலில் மட்டும் நடக்கிற கூத்தா? இல்லை. 2023 செப்டம்பர் 22-இல் ஐபோன் 15 விற்பனைக்கு வந்தபோது, டில்லி கமலா நகரில் ஒரு கடையிலே, சரக்குத் தரத் தாமதமானது என்று வாங்க வந்தவர்கள் கடை ஊழியர்களை அடித்தார்கள், போலீஸ் வந்தது. 2025 செப்டம்பர் 19-இல் ஐபோன் 17 வந்த நாளில், பம்பாய் பாந்திரா–குர்லா பகுதியில் ஆப்பிள் கடை வாசலில் தள்ளுமுள்ளும் கைகலப்பும் நடந்தன. காவலாளிகள் புகுந்து கூட்டத்தை விலக்கினார்கள். பெருநகரமானாலும் சரி, அரசலாற்றங்கரையானாலும் சரி, காட்சி ஒன்றுதான். ஏமாந்தவன் அடிக்கிறான்; சம்பளக்காரன் அடிபடுகிறான்; இலாபம் வாங்குகிறவன் எட்டாத உயரத்தில் இருக்கிறான்.

எய்தவன் இருக்க அம்பை நோவது எந்த ஊர் நியாயம், தோழர்களே?

இந்தப் பற்றாக்குறை வானத்திலிருந்தா விழுந்தது? எத்தனை பேர் பணம் கட்டியிருக்கிறார்கள் என்பது கம்பெனிக்குத் தெரியும். எத்தனை பெட்டி அனுப்புகிறோம் என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்த பிறகும் "வா, வா" என்று தட்டி வைப்பானேன்? கூட்டம்தான் விளம்பரம்! வாசலில் நிற்கும் ஏழையின் கால்வலியே அவர்களுக்குக் காசில்லாத சுவரொட்டி. "அவ்வளவு பேர் நிற்கிறார்களே, நாமும் வாங்காவிட்டால் போய்விடுமோ" என்ற தவிப்பை நாலு பெட்டியால் உண்டாக்கி, நானூறு பெட்டிக்கு வழி செய்துகொள்கிறார்கள்.

நாம் கற்பனை பேசவில்லை. 2016 பிப்ரவரியிலே "251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன்" என்று பறையடித்தது ரிங்கிங் பெல்ஸ் என்ற கம்பெனி. முன்பதிவு திறந்த அன்றே இணையதளம் படுத்துவிட்டது. கோடிக்கணக்கானோர் பதிவு செய்ததாகப் பெருமை பேசினார்கள். கடைசியிலே மக்கள் கைக்கு வந்தது என்ன? மறு ஆண்டு அந்தக் கம்பெனியை நடத்தியவர் மோசடிப் புகாரிலே கைதான செய்திதான் வந்தது!

2017 ஆகஸ்ட் 24-இல் ரிலையன்ஸ் ஜியோ, 1,500 ரூபாய் பிணைத்தொகைக்கு ஒரு போன் என்று முன்பதிவு திறந்தது. அன்றும் இணையதளம் திணறியது. சில நாளிலேயே பதிவை நிறுத்திவைத்தார்கள். அதற்குள் சுமார் 60 லட்சம் பேர் பதிவு செய்துவிட்டதாகச் செய்தி வந்தது. தலைக்கு 500 ரூபாய் என்றால், தோழர்களே, கணக்குப் போடுங்கள். 300 கோடி ரூபாய்! பொருள் பிறகு வரும். பணம் முன்னாலே போய்விட்டது. வட்டிக்கடைக்காரனிடம் நாம் பத்து ரூபாய் வாங்கினால் மறுநாளே வட்டி ஓடும். நம் பணம் அவர்கள் பெட்டியிலே கிடந்தால் மட்டும் அதற்கு வட்டி கிடையாதா?

இந்த இடத்திலே நம் தோழர்களில் சிலரே குறுக்கிடுவார்கள்: "சோற்றுக்கு வழியில்லாதவனுக்கு ஸ்மார்ட்போன் எதற்கு? ஆடம்பரத்துக்கு அலைகிறவன் அவதிப்படட்டுமே!"

அந்தப் பேச்சை நாம் ஒப்பவில்லை. லட்சம் ரூபாய்ப் போனுக்கு விடியவிடிய நிற்கும் சீமான் வீட்டுப் பிள்ளைக்காக நாம் கண்ணீர் விடவில்லை. ஆனால் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் போனுக்கு நிற்கிற உழைப்பாளியின் கதை வேறு. செல்போனை அவன் வீட்டுக்குள்ளே யார் கொண்டுவந்தது? சர்க்கார்தான் கொண்டுவந்தது. 2015 செப்டம்பரில் நம் புதுச்சேரிப் பிரதேசத்திலே ரேஷன் அரிசிக்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் என்றார்கள். அந்தப் பணம் வந்ததா, வரவில்லையா என்று அறியக் குறுஞ்செய்தி பார்க்கச் சொன்னார்கள். 2020-இல் கொரோனா வந்து பள்ளிகள் மூடிய காலத்தில், போன் உள்ள வீட்டுக்குத்தான் பாடம் வந்தது. 2023 ஜனவரி 1 முதல் ஊரக வேலைத் திட்டத்திலே மண் வெட்டும் கிழவியின் வருகைப் பதிவைக்கூடச் செல்போன் செயலியில்தான் எடுக்க வேண்டும் என்று ஆக்கினார்கள். வங்கிக்குப் போனால் ஓ.டி.பி., ஆதாருக்குப் போனால் ஓ.டி.பி.!

கடலுக்குப் போகும் மீனவன் காற்றும் அலையும் எப்படியென்று அதிலேதான் பார்க்கிறான். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிரான்சிலும் வேலை செய்யும் மகனின் முகத்தைக் காரைக்கால் தாய் அதிலேதான் காண்கிறாள். இதுவா ஆடம்பரம்? மண்வெட்டி போல, வலை போல, இன்று இதுவும் உழைப்பாளியின் கருவி.

ஆனால் வரி போடுகிற கையோ இதைக் கருவி என்று ஒப்பவில்லை. 2020 ஏப்ரல் 1 முதல் செல்போனுக்கு ஜி.எஸ்.டி. 12 சதவிகிதத்திலிருந்து 18 ஆனது. 2025 செப்டம்பர் 22-இல் வரியைக் குறைத்தோம் என்று மேளம் கொட்டினார்களே, அப்போது ஏ.சி. எந்திரம் 28-லிருந்து 18-க்கு இறங்கியது. செல்போன் 18-இலேயே நின்றது! ஏ.சி. அறைக்குச் சலுகை உண்டு. கொத்தனாரின் செல்போனுக்கு ஒரு காசு இறங்கவில்லை. பத்தாயிரம் ரூபாய் அடக்கவிலைப் போனுக்கு 1,800 ரூபாய் வரி. பத்து நாள் நடந்து வேலை தேடுகிறவனும் அதையே கட்டுகிறான். பத்துக் கம்பெனி வைத்திருப்பவனும் அதே விகிதம்தான் கட்டுகிறான்.

வாங்குகிறவன் கதை இது. செய்கிறவர்கள் கதை என்ன? தூரம் போக வேண்டாம். காரைக்காலிலிருந்து ஒரு இரவுப் பயணம், ஸ்ரீபெரும்புதூர். உலகமெல்லாம் வரிசையில் நின்று வாங்குகிற ஐபோனை அங்கே பாக்ஸ்கான் ஆலையிலே நம் வீட்டுப் பெண்கள்தாம் கோக்கிறார்கள். 2021 டிசம்பரில் அவர்கள் தங்கியிருந்த விடுதியிலே கெட்டுப்போன சோறு தின்று 150-க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். பொறுத்துப் பார்த்த பெண்கள் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையிலே வந்து உட்கார்ந்தார்கள். ஆலை மூடப்பட்டு 2022 ஜனவரி 12-இல்தான் திறந்தது. அப்போது அவர்கள் மாதச் சம்பளம் ஏறத்தாழ 10,500 ரூபாய் என்று செய்தி வந்தது. அந்த ஆண்டு வந்த ஐபோன் 13-இன் தொடக்க விலை 79,900 ரூபாய். ஏழரை மாதம் உண்ணாமல் உடுக்காமல் சேர்த்தாலும், தன் கையால் கோத்ததை அந்தப் பெண்ணால் வாங்க முடியாது!

2023 ஏப்ரல் 21-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன, மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. இதை நாம் ஏன் நினைவூட்டுகிறோம்? வாசலில் நிற்கிறவன், கல்லாவில் நிற்கிறவன், ஆலையில் நிற்கிறவள் – மூவர் காலும் ஒரே முதலாளிக்காகத்தான் வலிக்கிறது. மூவரும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டால் அவனுக்குக் கொண்டாட்டம்.

அப்படியானால் ஏமாந்தவன் பேசாமல் வீட்டுக்குப் போக வேண்டுமா? ஒருக்காலும் கூடாது! கோபம் நியாயமானது. அதைச் செலுத்த வேண்டிய முகவரிதான் வேறு.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதிலே என்ன சொல்லியிருக்கிறது, கேளுங்கள். குறைந்த விலை என்று விளம்பரம் செய்துவிட்டு, நியாயமான அளவு சரக்கை அந்த விலையில் தர எண்ணமில்லாதிருந்தால், அது நியாயமற்ற வணிகமுறை. "கவரும் கண்ணாடியும் இன்சூரன்சும் சேர்த்து வாங்கினால்தான் போன்" என்று கழுத்தைப் பிடித்தால், அதுவும் குற்றமே; ஒன்றை வாங்க இன்னொன்றைக் கட்டாயமாக்குவது தடைசெய்யும் வணிகமுறை என்கிறது சட்டம். முன்பெல்லாம் கம்பெனி இருக்கும் ஊருக்கு ஓட வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். இந்தச் சட்டத்தின்படி, வாங்கியவன் தான் குடியிருக்கும் இடத்துக்குரிய ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை பெறுமானமுள்ள வழக்குக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. 1915 என்ற எண்ணுக்குத் தொலைபேசி செய்தும் முறையிடலாம்.

"வட்டியில்லாத் தவணை" என்ற தேனிலும் கை வைக்குமுன் யோசியுங்கள். வட்டியில்லாக் கடன் என்று ஒன்று உலகத்திலே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-இல் வங்கிகளைக் கண்டித்தது. வட்டி எங்கோ விலைக்குள்ளே, கட்டணத்துக்குள்ளே பதுங்கியிருக்கிறது. தேடினால் அகப்படும்.

ஆகவே நம் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்லுகிறோம். அடுத்த முறை இப்படிக் கூட்டம் கூடுகிற நாளிலே, வேடிக்கை பார்க்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். இரண்டு பேர் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அங்கே போய் நில்லுங்கள். விளம்பரத் தட்டியைப் படம் எடுங்கள். முன்பண ரசீதுகளின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எத்தனை பெட்டி வந்தது என்று எழுத்திலே கேளுங்கள். ஐம்பது பேரின் புகாரை ஒரே மனுவாக்குங்கள். ஒருவன் கத்தினால் காவலாளி வருவான். ஐம்பது பேர் கையெழுத்திட்டால் கம்பெனி வக்கீல் வருவான். வரட்டும்!

அந்தக் கடைப் பையனையும் விட்டுவிடாதீர்கள். அவன் பெயரையும் கேட்டு எழுதுங்கள். புகாருக்காக அல்ல, சங்கத்துக்காக. கடை ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டிலே 2021-இல் சட்டம் செய்தார்கள். அந்தச் சட்டத்தின் எல்லை வாஞ்சூரோடு நிற்கிறது. காரைக்கால் கடைகளிலும் அந்த உரிமை நடைமுறையாக வேண்டும். வாடிக்கையாளர் புகாரும் ஊழியர் கோரிக்கையும் ஒரே மேசையிலே வைக்கப்படட்டும்.

இந்த மண்ணுக்குப் போராட்டம் புதிதல்ல. 1936 ஜூலை 30-இல் புதுச்சேரி சவானா ஆலைத் தொழிலாளர்மீது பிரெஞ்சு ஆட்சியின் துப்பாக்கி பாய்ந்தது. 12 தோழர்கள் மாண்டார்கள். அந்த இரத்தத்திலிருந்துதான் எட்டு மணி நேர வேலை உரிமை முளைத்தது. அன்று அவர்கள் மேஸ்திரியின் சட்டையைக் கிழித்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால், அந்த உரிமை வந்திருக்குமா? எய்தவன் யார் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கிழிந்த சட்டையை அந்த நிரவிப் பையனின் தாய் அன்றிரவே தைத்திருப்பாள். மறுநாள் அதே சட்டையோடு அவன் அதே வாசலிலே நின்றிருப்பான். அவன் தோளிலே இனி விழுகிற கை, சட்டையைப் பிடிக்கிற கையாக இருக்கக் கூடாது. தோழமையோடு தட்டிக்கொடுக்கிற கையாக இருக்க வேண்டும். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து கேட்கட்டும், எய்தவன் எங்கே என்று!